பூட்டு இருந்தும் பறிபோன உரிமை: யாப்புத் திருத்தங்களும் ஊவாத் தோட்டங்கள் தரும் பாடமும்

யாப்புத் திருத்தம் ஒன்று வரப்போகிறது என்றதும் எங்கட சமூகத்தில் முதலில் எழும் கேள்வி, "நம்மட ஆக்கள் எந்தப் பக்கம்?" என்பதுதான். பள்ளிவாசல் முற்றத்திலும் கடைத் திண்ணையிலும் அதுவே பேச்சு. எத்தனை பேர் கை உயர்த்துவார்கள், பதிலுக்கு யாருக்கு என்ன கிடைக்கும் என்று கணக்குப் பார்ப்போம். எந்த உறுப்புரை மாறப்போகிறது, மாறினால் யாருடைய உரிமை கூடும், யாருடையது குறையும் என்ற கேள்விக்கு நாம் வந்து சேர்வதற்குள் வாக்கெடுப்பே முடிந்துவிடும். யாப்பு பற்றி நம்மவர் எழுதும் கட்டுரைகளும் பெரும்பாலும் ஆசனக் கணக்கோடு நின்றுவிடுகின்றன.

அந்தப் பழக்கத்தை விமர்சிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு எடுத்துக்கொள்ளும் களம் பதுளையும் ஊவாத் தோட்டங்களும். உரிமையொன்று யாப்பில் எழுதப்பட்டிருந்தும் கையைவிட்டுப் போவது எப்படி என்பதைச் சுதந்திர இலங்கையில் முதலில் அனுபவித்தவர்கள் தோட்டத்து மக்கள். பசறை, லுணுகலை, பண்டாரவளை, அப்புத்தளை என்று ஒரே கடைவீதியில் அவர்களோடு புழங்கி வந்த நாம் அந்தப் பாடத்தைப் படித்தோமா?

மலையக எழுத்தாளர்கள் தம் பங்கைச் செய்துவிட்டார்கள். சி.வி. வேலுப்பிள்ளையின் 'நாடற்றவர் கதை', தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' என்ற தலைப்புகளே எந்தக் காயத்தைச் சுற்றி அந்த இலக்கியம் வளர்ந்தது என்று சொல்லும். இழப்பின் வலியை இலக்கியம் பதிந்து வைத்தது. இழப்பு நிகழ்ந்த வழியை, அதாவது எந்தச் சட்டம் எந்த வாசலால் உள்ளே வந்தது என்பதை, சட்டத்தரணிகளின் வேலை என்று நாம் ஒதுக்கிவிட்டோம். இனி அந்த வாசலைப் பார்ப்போம்.

29ஆம் பிரிவு என்ற பூட்டு

சுதந்திரத்தோடு வந்த சோல்பரி யாப்பில் 29(2)ஆம் பிரிவு சிறுபான்மையினருக்கான பூட்டாக வைக்கப்பட்டது. ஒரு சமூகத்தவர் மீதோ மதத்தவர் மீதோ, ஏனையோருக்கு இல்லாத கட்டுப்பாட்டைச் சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கக்கூடாது என்பது அதன் சாரம். யாப்பைத் திருத்துவதென்றால் 29(4)இன்படி சமுகமளிக்காதோரையும் சேர்த்து மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். சபாநாயகர் அதற்குச் சான்று தரவும் வேண்டும். 1964இல் இலஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க வழக்கில் கோமறைக் கழகம் இந்தப் பிரிவைச் சமூகங்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையின் அடிப்படை என்ற அளவுக்கு உயர்த்திப் பேசியது.

அந்தப் பூட்டைத் தோட்டத்து மக்கள் விடயத்தில் யாரும் உடைக்கவில்லை. உடைக்க வேண்டிய தேவையே வரவில்லை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. இரட்டை அங்கத்தவர் தொகுதியான பதுளையிலிருந்து எஸ்.எம். சுப்பையா பாராளுமன்றம் போனார். அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. வம்சாவளியால் பிரசை என்று காட்ட, இலங்கையில் பிறந்தவர் தன் தகப்பனும் இங்கே பிறந்தார் என்றோ, தகப்பன்வழிப் பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்தார்கள் என்றோ நிறுவ வேண்டும். லயத்தில் பிறந்து லயத்தில் மண்ணான தலைமுறைகளுக்குப் பிறப்புப் பதிவு எங்கே? 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்கள் பதிவுசெய்து பிரசாவுரிமை பெற ஒரு சிறிய வழி விட்டது. அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரசைகளுக்கே வாக்கு என்று விதித்தது. 1952 தேர்தலில் காங்கிரஸுக்கு ஓர் ஆசனமும் இல்லை.

மூன்றும் சாதாரணச் சட்டங்கள். மூன்றில் ஒன்றிலும் 'தமிழர்' என்றோ 'தோட்டத் தொழிலாளர்' என்றோ ஒரு சொல் இல்லை. கொடக்கன்பிள்ளை எதிர் முதநாயக்க வழக்கில் 1953இல் கோமறைக் கழகம் இதையே பிடித்துக்கொண்டது. யார் தன் பிரசை என்று தீர்மானிப்பது எந்த அரசுக்கும் இயல்பான அதிகாரம். இச்சட்டம் அந்தச் சமூகத்தவர் தகுதிபெறும் வழியை அடியோடு மூடவில்லை. ஆகவே 29(2) மீறப்படவில்லை என்பது தீர்ப்பின் போக்கு. பதிவு வழியால் விண்ணப்பித்த எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரில் பிரசாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு. எஞ்சியவர்களின் தலைவிதி 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் எண்களாக முடிந்தது: 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மிச்சத்தை 1974இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன.

இங்கே நம்மைப் பற்றி இரண்டு விடயங்கள் சொல்லியாக வேண்டும். ஒன்று, 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே 'பாகிஸ்தானிய' என்ற சொல் இருக்கிறது. இந்தியச் சோனகரும் மேமன், போரா வர்த்தகர்களும் அந்தச் சல்லடைக்குள் விழுந்தவர்கள். அது "அவங்கட பிரச்சினை" மட்டுமாக ஒருபோதும் இருக்கவில்லை. இரண்டு, அந்தச் சட்டங்களைக் கொண்டுவந்த டி.எஸ். சேனாநாயக்க அமைச்சரவையில் தொழில், சமூக சேவை அமைச்சராக இருந்தவர் டி.பி. ஜாயா. கல்விக்கும் சுதந்திரப் போராட்டத்துக்கும் அவர் ஆற்றிய பணியை யாரும் மறுக்க முடியாது. ஆனால் தொழிலாளரின் பெயரால் அமைச்சு வகித்த ஒரு முஸ்லிம் தலைவர் இருந்த அமைச்சரவையின் கூட்டுப் பொறுப்பில்தான் இந்நாட்டின் மிகப் பெரிய தொழிலாளர் கூட்டம் வாக்கை இழந்தது. நம் தலைவர்கள் பற்றிய நினைவு மலர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன. ஆய்வுச் சஞ்சிகையும் தாண்டிப் போகலாமா?

பூட்டின் கதை 1972இல் முடிந்தது. 1970 ஜூலையில் நவரங்கஹலவில் கூடிய அரசியல் நிர்ணய சபை, பழைய யாப்பின் திருத்த வழியைத் தொடாமலே புதிய யாப்பை ஆக்கியது. 29ஆம் பிரிவு திருத்தப்படவில்லை. புதிய யாப்பில் இடம் கிடைக்காமலே போய்விட்டது.

ஆளும் பிரசையும்

1978ஆம் ஆண்டு யாப்பின் அடிப்படை உரிமை அத்தியாயத்தை வாசிக்கும்போது இரண்டு சொற்களைக் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்: 'ஆள்', 'பிரசை'. 10ஆம் உறுப்புரையின் சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரம் ஒவ்வோர் ஆளுக்கும் உரியது. 11ஆம் உறுப்புரையின்படி எந்த ஆளையும் சித்திரவதை செய்யக்கூடாது. 12(1)இல் ஆட்கள் எல்லோரும் சட்டத்தின் முன் சமம். ஆனால் 12(2)இன் பாரபட்சத் தடைக்கு வரும்போது 'பிரசை' வந்துவிடுகிறார். 14(1)இல் பேச்சு, ஒன்றுகூடல், தொழிற்சங்கம், மொழி, நடமாட்டம், மதத்தை வெளிப்படையாக அனுட்டித்தல் எல்லாமே பிரசைக்கு.

அப்போது நாடற்றவராக இருந்த தோட்டத்து மக்கள்? அவர்களுக்காக 14(2) எழுதப்பட்டது. வேறெந்த நாட்டின் பிரசையாகவும் இல்லாமல், இங்கே நிரந்தரமாகவும் சட்டபூர்வமாகவும் வசித்து வருபவருக்கு 14(1)இன் உரிமைகள் யாப்பு நடைமுறைக்கு வந்ததிலிருந்து பத்து ஆண்டுகளுக்கு உண்டு. பத்து ஆண்டுகள்! தவணை முறையில் தரப்பட்ட பேச்சுச் சுதந்திரம். அந்தத் தவணை ஓடிக்கொண்டிருந்தபோதுதான் 1983 ஜூலையில் பதுளை நகரில் கடைகளும் வீடுகளும் எரிந்தன.

பிறகு வந்த மாற்றத்தையும் பாருங்கள். நாடற்றோருக்குப் பிரசாவுரிமை தந்தவை 1986ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும், 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும். இவையும் சாதாரணச் சட்டங்களே. எடுத்ததும் சாதாரணச் சட்டம், கொடுத்ததும் சாதாரணச் சட்டம். பதிவுப் பிரசைக்கும் வம்சாவளிப் பிரசைக்கும் வேறுபாடு காட்டக்கூடாது என்று 26ஆம் உறுப்புரை சொல்கிறது, நல்லது. ஆயினும் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும்வரை, தோட்டத்துப் பாதைக்குப் பிரதேச சபைப் பணத்தைச் செலவிடுவதே சட்டச் சிக்கலாக இருந்தது. வாக்குப் போடலாம், அந்த வாக்கால் தெரிவான சபை உங்கள் பாதைக்குத் தார் போட முடியாது. இது என்ன பிரசாவுரிமை என்று தோட்டத்து இளைஞன் கேட்டால் யாப்பில் பதில் இல்லை.

வாழும் உரிமை என்று வெளிப்படையான உறுப்புரை ஒன்றும் நமது யாப்பில் கிடையாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்து முன்கூட்டியே எச்சரிக்கப்பட்ட இடம் அது. சொந்தக் காணியில்லாத மக்களிடம் "எழும்பிப் போங்க" என்றால் எங்கே போவது?

திருத்தம் ஆகும் விதம்

இன்றைய யாப்பின் 82ஆம் உறுப்புரை திருத்தச் சட்டமூலத்துக்கு மூன்று நிபந்தனை வைக்கிறது. எந்த ஏற்பாடு நீக்கப்படுகிறது, மாற்றப்படுகிறது, சேர்க்கப்படுகிறது என்று சட்டமூலத்தில் வெளிப்படையாக இருக்க வேண்டும். யாப்பைத் திருத்தும் சட்டமூலம் என்று நீண்ட பெயரிலேயே சொல்ல வேண்டும். சமுகமளிக்காதோர் உட்பட மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 225இல் 150 வாக்கு வேண்டும். 83ஆம் உறுப்புரை சில ஏற்பாடுகளுக்கு இதற்கு மேலாகச் சர்வஜன வாக்கெடுப்பையும் கேட்கிறது: 1, 2, 3, 6, 7, 8, 9, 10, 11ஆம் உறுப்புரைகளும் 83உம், பதவிக்கால நீடிப்பும்.

அந்தப் பட்டியலை மீண்டும் ஒருமுறை வாசியுங்கள். 12 இல்லை. 14 இல்லை. மொழி அத்தியாயம் இல்லை. சமத்துவமும் பேச்சுச் சுதந்திரமும் தமிழின் அரசகரும அந்தஸ்தும் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. மக்களின் இறைமையைச் சொல்லும் 3ஆம் உறுப்புரை பாதிக்கப்படுகிறது என்று உயர் நீதிமன்றம் கண்டால் மட்டுமே வாக்கெடுப்பு என்ற பாதுகாப்பு கிடைக்கும். அதையும் சட்டமூலம் ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய சில நாட்களுக்குள் மனுச்செய்து கேட்டாக வேண்டும். சபாநாயகர் சான்று எழுதிவிட்டால் 80(3)இன்படி கதவு மூடியாயிற்று. இந்தியாவில் 1973இன் கேசவானந்த பாரதி தீர்ப்புக்குப் பிறகு, நிறைவேறிய திருத்தத்தைக்கூட அடிப்படைக் கட்டமைப்பைக் காட்டி நீதிமன்றம் செல்லுபடியற்றதாக்க முடியும். இங்கே அப்படி இல்லை. ஆகவே இலங்கையில் உரிமை காக்கப்படுவதும் போவதும் அந்தச் சில நாட்களில்தான். 2010இல் 18ஆம் திருத்தம் அவசர சட்டமூலமாக வந்தபோது அந்த நாட்களும் சுருங்கிப்போயின. செப்டம்பர் 8ஆம் திகதி 161க்கு 17 என்று நிறைவேறிவிட்டது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1987இன் 13ஆம் திருத்தமும் 1988இன் 16ஆம் திருத்தமும் தமிழை அரசகரும, நிருவாக மொழியாக்கின. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது அந்த 16இன் பலன். தோட்டத்துப் பெண்ணும் பதுளை முஸ்லிம் வியாபாரியும் ஒரே திருத்தத்தின் கீழ்தான் தமிழில் கடிதம் கேட்கிறார்கள். 2015இன் 19ஆம் திருத்தம் 14அ உறுப்புரையால் தகவல் அறியும் உரிமையைத் தந்தது. திருத்தம் என்றாலே கேடு என்பதல்ல என் வாதம்; எப்படிச் செய்யப்படுகிறது, நடைமுறைக்கு வருகிறதா என்பதே பார்க்க வேண்டியது.

ஊவா மாகாண சபைக்கு இறுதியாகத் தேர்தல் நடந்தது 2014 செப்டம்பர் 20. அதன் காலம் 2019இல் முடிந்தது. இதை எழுதும்வரை மறுதேர்தல் இல்லை. 13ஆம் திருத்தத்தை யாரும் நீக்கவில்லை. 2017இல் பெண் வேட்பாளர் விகிதத்தைக் கூட்டுவதற்கென்று வந்த மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டமூலத்தில், குழுநிலையில் தேர்தல் முறையையே மாற்றும் பக்கங்கள் செருகப்பட்டன. நீதிமன்றம் பார்த்தது ஒரு சட்டமூலம், பாராளுமன்றம் நிறைவேற்றியது வேறொன்று. நம் கட்சிகளும் மலையகக் கட்சிகளும் பேரம் பேசி, விகிதாசாரத்தில் ஏதோ கூட்டிக்கொண்டு அதற்கு வாக்களித்தன. மறு ஆண்டு எல்லை நிர்ணய அறிக்கை வந்தபோது அதே சபை அதை 139க்கு 0 என்று நிராகரித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை.

இதனால் போனது ஒரு சபை மாத்திரம் என்று நினைக்க வேண்டாம். 154எ(2)ஆம் உறுப்புரையின்படி மாகாண சபைகள் பற்றிய அத்தியாயத்தைத் திருத்துவதென்றால், சட்டமூலத்தை ஒவ்வொரு மாகாண சபைக்கும் அனுப்பி அதன் கருத்தைக் கேட்க வேண்டும். ஒரு சபையாவது உடன்படாவிட்டால் மூன்றில் இரண்டு தேவை. யாப்புத் திருத்தத்தில் பதுளைக்கும் மொனராகலைக்கும் சட்டப்படி இருக்கும் ஒரே தனிக் குரல் இதுதான். சபையே இல்லாவிட்டால் கருத்துச் சொல்வது யார்? 2012இல் திவிநெகும சட்டமூலத்தின்போது, வட மாகாண சபை தெரிவாகாத நிலையில் ஆளுநரின் சம்மதம் சபையின் சம்மதமாகாது என்று உயர் நீதிமன்றம் நின்றது. சில வாரங்களில் பிரதம நீதியரசர் மீது குற்றப்பிரேரணை வந்தது. 2013 ஜனவரியில் அவர் பதவி பறிபோனது. கேள்வி அப்படியே கிடக்கிறது.

2020 ஒக்டோபர் 22

20ஆம் திருத்தம் அன்று 156க்கு 65 என்று நிறைவேறியது. எதிரணிப் பட்டியல்களில் தெரிவான எட்டுப் பேர் ஆதரித்திராவிட்டால் எண்ணிக்கை 148இல் நின்றிருக்கும். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். இன்னொருவர் பதுளை மாவட்டத் தோட்டத்து மக்களின் வாக்கால் சென்ற அ. அரவிந்தகுமார். இரு சமூகங்களின் வாக்கும் ஒரே நாளில் ஒரே இடத்தில் சேர்ந்தது இப்படித்தான்.

அன்றைய நாளின் பின்னணியை மறக்கக்கூடாது. அந்த ஆண்டு ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானியால் கொவிட் ஜனாஸாக்களை எரிப்பது கட்டாயமாக்கப்பட்டிருந்தது. மதச் சுதந்திரம் தரும் 10ஆம் உறுப்புரை சர்வஜன வாக்கெடுப்பால் பூட்டப்பட்டது. ஆனால் அடக்கம் செய்வது 'அனுட்டானம்'. அது 14(1)(உ)இல் வருகிறது. அதைச் சுகாதாரத்தின் பெயரால் 15(7)இன் கீழ் கட்டுப்படுத்தலாம். மனதுக்குள் நம்பலாம், மையித்தை மண்ணில் வைக்க முடியாது. டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் மனுக்களை விசாரணைக்கே எடுக்காமல் தள்ளுபடி செய்தது. 2021 பெப்ரவரி இறுதியில் அனுமதி வந்த பிறகும் ஜனாஸாக்கள் ஓட்டமாவடிக்கே போக வேண்டியிருந்தது. 29(2)இருந்தும் தோட்டத்து மக்கள் வாக்கிழந்ததையும், 10இருந்தும் நம் ஜனாஸாக்கள் எரிந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பூட்டைத் தொடாமல் பக்கத்துச் சுவரால் வரும் அதே வழி. 1949ஐ நாம் நம் பாடமாகப் படித்திருந்தால் 2020இல் எந்தச் சுவரைக் காவல் காப்பது என்று தெரிந்திருக்கும்.

நம் வீட்டுக்குள் ஒரு கேள்வி

வெளியே நோக்கி 12ஆம் உறுப்புரையின் சமத்துவத்தைக் கேட்கும் நாம், உள்ளே நோக்கி 16ஆம் உறுப்புரையின் பின்னால் நிற்கிறோம். யாப்புக்கு முந்திய சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் செல்லும் என்கிறது 16(1). 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அதன் நிழலில் இருக்கிறது. வயது, சம்மதம், காதி பதவி பற்றி நம் பெண்கள் எழுப்பும் கேள்விகளோடு நீதிமன்றம் போக 16 விடாது. "இப்ப திறந்தா வேற ஆக்கள் உள்ள வந்துடுவாங்க" என்ற பயம் நியாயமற்றதல்ல. 2020ஐப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் வரத்தான் செய்யும். ஆனால் 16உம் 83இன் பட்டியலில் இல்லை. 150 கைகள் உயர்ந்தால் அது போய்விடும். நாமே கலந்துபேசித் திருத்தாத சட்டத்தை நம்மைக் கேட்காமல் ஒருநாள் திருத்துவார்கள். ஷூரா பற்றி மேடைகளில் பேசும் சமூகத்துக்கு இது தெரியாத விடயமல்ல.

செய்யக்கூடியவை பெரிய காரியங்களும் அல்ல. சட்டமூலம் வர்த்தமானியில் வந்த வாரமே அதன் தமிழ்ப் பிரதியை எடுத்து, பதுளையிலும் வெலிமடையிலும் பள்ளிவாசல் நூலகத்திலும் தோட்டத்து வாசிகசாலையிலும் ஆட்கள் சேர்ந்து வாசிக்கலாம். மனுவுக்கான நாட்கள் முடியுமுன் முஸ்லிம், மலையகச் சட்டத்தரணிகள் ஒரே மேசையில் உட்காரலாம். குழுநிலையில் என்ன செருகப்பட்டது என்று வாக்களித்த உறுப்பினரிடம் எழுத்தில் கேட்கலாம். ஊவா மாகாண சபைத் தேர்தலை இரு சமூகமும் சேர்ந்து கேட்கலாம். எந்தக் கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதற்கு முன், யாப்புத் திருத்தத்தில் நமக்கிருக்கும் குரல் அது என்பதற்காக.

அடுத்த யாப்பு வரைவு எப்போதோ ஒருநாள் வரும். அன்றும் "நம்மட ஆக்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்போம், கேட்கட்டும். அதற்கு முன் ஒரு கேள்வி: அதில் 'ஆள்' என்று எங்கே எழுதியிருக்கிறது, 'பிரசை' என்று எங்கே எழுதியிருக்கிறது? அந்த இரண்டு சொல்லுக்கும் இடையில் ஊவாத் தோட்டங்களில் ஒரு தலைமுறைக்கு மேல் கழிந்துவிட்டது.